புக்கர் வாஷிங்டன் என்ற தலைமையாசிரியர்

கல்வியியல் படிக்கும் எங்களுக்குப் பள்ளி நிர்வாகம் என்றொரு பாடம் உண்டு. தலைமையாசிரியரின் தலைமைத்துவம் ஆசிரியர்களின் பணி ஈடுபாட்டை எப்படிப் பாதிக்கிறது என்பது அதில் தவறாமல் இடம்பெறும் தலைப்பு. கேள்விநிரல், அட்டவணை, விழுக்காடு என்று அது நீளும். தேர்வுக்கு அவை போதும். ஆனால், தலைமையாசிரியர் ஆசிரியர் அறைக்குள் நுழையும்போது அங்குள்ள முகங்கள் மலர்கின்றனவா, இல்லை பேச்சு சட்டென நின்றுபோகிறதா என்பதை எந்த அட்டவணையிலும் நான் கண்டதில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளி என்று படித்து வந்த நம்மில் பலர் இரண்டு வகையையும் பார்த்தவர்கள்தாம்.

ஆகவே, விழுக்காடுகளை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு தலைமையாசிரியரின் வாழ்க்கையை இங்கே எழுத முனைகிறேன். அவர் பெயர் புக்கர் டி. வாஷிங்டன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர், புகழ்பெற்ற தன்வரலாற்றின் ஆசிரியர், அமெரிக்க அதிபரின் மாளிகையில் விருந்துண்டவர் என்றெல்லாம் உலகம் அவரை அறியும். ஆனால் 1881 முதல் 1915 வரை 34 ஆண்டுகள் அவர் விடாமல் வகித்த பதவி ஒன்றே ஒன்றுதான்: அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற சிற்றூரில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர்.

வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு புகையிலைத் தோட்டத்தில் 1856 ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தாய் ஜேன் அத்தோட்டத்தின் சமையற்காரி. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்பது அன்றைய சட்டம். தந்தை யாரென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. முதலாளி வீட்டுப் பெண்ணின் புத்தகங்களைச் சுமந்துகொண்டு பள்ளி வாசல்வரை போவார்; உள்ளே போக அனுமதி இல்லை. 1865-இல் விடுதலை கிடைத்ததும் குடும்பம் மேற்கு வர்ஜீனியாவின் மால்டன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே மாற்றாந்தந்தையோடு உப்புக் காய்ச்சும் ஆலையில் சிறுவன் வேலை செய்தான். உப்புப் பீப்பாய்களின்மேல் மாற்றாந்தந்தைக்குரிய அடையாள எண்ணாக 18 எழுதப்படும். அவர் முதன்முதலில் கற்ற எழுத்து அந்த 18-தான். பிறகு நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை செய்தார். பள்ளியில் சேர்ந்த அன்று மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர் இருப்பதைக் கவனித்து, ஆசிரியர் தம் முறைக்குக் கேட்டபோது வாஷிங்டன் என்று ஒரு பெயரைத் தாமே சேர்த்துச் சொல்லிவிட்டார்.

இளமை வறுமை குறித்து இன்னும் நிறைய எழுதலாம். ஆனால் நம் தலைப்புக்கு முக்கியமானது 1872-இல் அவர் ஹாம்ப்டன் பள்ளிக்குப் போனது. ஏறத்தாழ 500 மைல் தூரம். பாதி வண்டி, பாதி நடை. ரிச்மண்ட் நகரில் கையில் காசில்லாமல் மரப்பலகை நடைபாதைக்குக் கீழே படுத்துத் தூங்கினார். ஹாம்ப்டனை அடைந்தபோது அவர் இருந்த கோலத்தைப் பார்த்து மூத்த ஆசிரியை மேரி மேக்கி உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. வெகுநேரம் காக்க வைத்தபின், பக்கத்து வகுப்பறையைப் பெருக்கச் சொன்னார். வாஷிங்டன் மூன்று முறை பெருக்கி நான்கு முறை துடைத்தார். மேக்கி தம் கைக்குட்டையால் சுவரையும் மேசையையும் தேய்த்துப் பார்த்தார். தூசி ஒட்டவில்லை. அதுதான் நுழைவுத் தேர்வு. பள்ளியிலேயே துப்புரவாளர் வேலையும் கிடைத்தது.

இக்கதை பரவலாக அறியப்பட்டது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது பின்னர் நடந்த ஒன்று. ஒரு விடுமுறையின் முடிவில், பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே வந்து கட்டடங்களைச் சுத்தம் செய்ய உதவுமாறு மேக்கி அவருக்கு எழுதினார். வந்து பார்த்தால் மேக்கியும் அவரோடு நின்று சன்னல் கண்ணாடிகளைக் கழுவினார். நல்ல குடும்பத்தில் பிறந்து உயர்கல்வி கற்ற வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர், அடிமையாகப் பிறந்தவனுக்குப் பக்கத்தில் நின்று அழுக்குத் துணியைப் பிழிவது ஏன் என்று அவருக்கு அப்போது விளங்கவே இல்லை. விளங்கியபிறகு மறக்கவுமில்லை. நம் பள்ளிகளில் துப்புரவுப் பணி நாளன்று துடைப்பம் பிடிக்கும் தலைமையாசிரியரும் உண்டு, படம் எடுக்கும்வரை பிடிப்பவரும் உண்டு. பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியும்.

ஹாம்ப்டனின் தலைவர் ஜெனரல் சாமுவேல் ஆம்ஸ்ட்ராங். உள்நாட்டுப் போரில் வட மாநிலப் படையில் போரிட்டவர். தங்கும் விடுதியில் இடம் போதாமல் போன ஒரு குளிர்காலத்தில், மூத்த மாணவர்கள் சிலர் கூடாரங்களில் தங்கினால் புதியவர்களுக்கு இடம் கிடைக்கும் என்று அவர் விரும்புவதாகச் செய்தி பரவியது. அநேகமாக எல்லாரும் முன்வந்துவிட்டனர். வாஷிங்டனும் அவர்களில் ஒருவர். கடும் குளிர், சில இரவுகளில் காற்று கூடாரத்தையே தூக்கிக்கொண்டு போகும். காலையில் ஆம்ஸ்ட்ராங் கூடாரம் கூடாரமாக வந்து நலம் கேட்பார். அவர் குரலைக் கேட்டதும் மனக்குறையெல்லாம் போய்விடும் என்பது வாஷிங்டனின் நினைவு. தலைவரும் தாமும் ஒரே காரியத்தில் இருக்கிறோம் என்ற உணர்வை அவர் ஏட்டில் படித்து அறியவில்லை. கூடாரத்தில் நடுங்கிக்கொண்டே அறிந்தார்.

1881-இல் டஸ்கீகியிலிருந்து ஆம்ஸ்ட்ராங்குக்கு ஒரு கடிதம் வந்தது. கறுப்பின ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க அங்கே ஒரு பள்ளி தொடங்கப் போகிறார்கள்; தலைமையாசிரியராக ஒருவரை அனுப்ப வேண்டும். ஒரு வெள்ளைக்காரரையே அவர்கள் எதிர்பார்த்தனர். ஆம்ஸ்ட்ராங் 25 வயது வாஷிங்டனைப் பரிந்துரைத்தார். அவர்களும் ஒப்புக்கொண்டனர். போய்ப் பார்த்தபோது அங்கே நிலமும் இல்லை, கட்டடமும் இல்லை. மாநில அரசு ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கியிருந்தது. அதுவும் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும்.

அவர் முதலில் செய்த காரியம் ஊர் ஊராகப் போனது. ஏறத்தாழ ஒரு மாதம் நாட்டுப்புறத்தில் ஏழைகளின் ஒற்றை அறைக் குடிசைகளில் உண்டு உறங்கிப் பள்ளிகளைப் பார்த்தார். ஒரே புத்தகத்தை ஐந்து பிள்ளைகள் முன்னும் பின்னுமாக எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தனர். 1881 ஜூலை 4-ஆம் நாள் ஒரு தேவாலயமும் அதன் பக்கத்துக் கொட்டகையும் பள்ளியாயின. 30 மாணவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஆசிரியர்களாக இருந்தவர்கள். சிலருக்கு நாற்பது வயதை ஒட்டி இருக்கும். கூரை ஒழுகும். மழை பெய்தால் ஒரு மாணவர் எழுந்து வந்து குடை பிடிக்க, அதன்கீழ் நின்று வாஷிங்டன் பாடம் கேட்பார்.

ஆறு வாரம் கழித்து வந்து சேர்ந்தவர் ஒலிவியா டேவிட்சன். இப்பள்ளியின் கதையில் இவருக்குக் கிடைக்க வேண்டிய இடம் பலமுறை கிடைப்பதில்லை. ஹாம்ப்டனிலும் மாசச்சூசெட்ஸ் ஆசிரியர் கல்லூரியிலும் படித்தவர். ஆசிரியை, துணைத் தலைமையாசிரியை, நிதி திரட்டுபவர் எல்லாம் அவரே. ஊரில் வீடு வீடாகப் போய் ஒருவரிடம் ரொட்டி, ஒருவரிடம் கோழி, ஒருவரிடம் பலகாரம் வாங்கி விருந்து நடத்திப் பணம் சேர்த்தார். பாழடைந்த 100 ஏக்கர் தோட்டம் ஒன்று 500 டாலருக்கு வந்தது. ஹாம்ப்டனின் பொருளாளர் தம் சொந்தப் பணத்தில் 250 டாலர் கடன் கொடுத்தார். மீதியெல்லாம் இப்படிச் சேர்ந்ததுதான்.

நிலத்தைத் திருத்த வேண்டும். மாணவர்கள் தயங்கினர். ஆசிரியராக இருந்துவிட்டு வந்தவர்களுக்குக் காடு வெட்டுவது கௌரவக் குறைவாகப் பட்டது. வாஷிங்டன் எதுவும் சொற்பொழிவாற்றவில்லை. பகல் வகுப்பு முடிந்ததும் கோடரியை எடுத்துக்கொண்டு தாமே முன்னால் போனார். தலைமையாசிரியர் வெட்டுவதைப் பார்த்துவிட்டு அவர்களும் வந்தனர். ஏறத்தாழ 20 ஏக்கர் திருத்தினார்கள்.

அடுத்தது செங்கல். ஊரில் செங்கல் சூளை இல்லை. கட்டடத்துக்கும் வேண்டும், விற்கவும் செய்யலாம். முழங்கால் அளவு சேற்றில் இறங்கி மண் எடுத்து 25,000 கல் அறுத்துச் சூளை வைத்தார்கள். சரியாக வேகாமல் வீணாயிற்று. இரண்டாவதும் வீண். ஹாம்ப்டனில் தொழிற்பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் மூன்றாவது சூளையைப் பார்த்துப் பார்த்து மூட்டினர். ஒரு வாரம் எரிந்து முடியும் தறுவாயில் நள்ளிரவில் அது சரிந்து விழுந்தது. கையில் காசில்லை. ஆசிரியர்களில் பெரும்பாலோர் விட்டுவிடலாம் என்று சொன்னார்கள். வாஷிங்டனிடம் ஒரு கைக்கடிகாரச் சங்கிலிகூட மிச்சமில்லாத நிலை. இருந்த ஒரே சட்டைப்பைக் கடிகாரத்தை மாண்ட்கமரி நகருக்குக் கொண்டுபோய் 15 டாலருக்கு அடகு வைத்தார். மனம் சோர்ந்திருந்த ஆசிரியர்களைத் திரும்பவும் கூட்டினார். நான்காவது சூளை வெந்தது. கடிகாரத்தை அவர் மீட்கவே இல்லை. சுமார் இருபது ஆண்டு கழித்து ஒரே பருவத்தில் 12 லட்சம் கல் அறுக்கும் தொழிலாக அது வளர்ந்திருந்தது.

இந்த முதல் காலத்தில் ஆசிரியர்கள் ஏன் ஓடிப்போகவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. சம்பளம் சொற்பம், சாப்பாடு மோசம். ஒருநாள் காலை உணவு கிடைக்காத மாணவி ஒருத்தி கிணற்றடிக்குப் போனாள். கயிறு அறுந்து கிடந்தது. இந்தப் பள்ளியில் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காது போலிருக்கிறதே என்று அவள் அலுத்துக்கொண்டது பக்கத்தில் நின்றிருந்த வாஷிங்டனின் காதில் விழுந்தது. மூன்று சூளை சரிந்தபோதுகூட அசையாத மனிதர் அந்தச் சொல்லுக்கு உடைந்துபோனார். தலைவர் இப்படிப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிற இடத்தில், குறைகள் குறைகளாகவே இருந்தாலும், ஆட்கள் நிற்பார்கள்.

ஆனால் ஈடுபாட்டுக்கு ஒரு விலையும் உண்டு. நம் பாடநூல்கள் அந்தப் பக்கத்தை அதிகம் திருப்புவதில்லை. ஒலிவியா வடமாநிலங்களுக்குப் போய் நிதி கேட்பார். திரும்பும் இரவுகளில் உடை மாற்றவும் தெம்பு இருக்காது. பாஸ்டனில் ஒரு சீமாட்டியின் வீட்டில் காத்திருக்கச் சொன்ன சற்று நேரத்திற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். 1885-இல் வாஷிங்டன் அவரை மணந்தார். முதல் மனைவி ஃபேனி முந்திய ஆண்டு இறந்திருந்தார். 1889-இல் ஒலிவியாவும் இறந்தார். முப்பத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. பள்ளிக்காக உடலைத் தேய்த்துவிட்டார் என்று வாஷிங்டனே பின்னர் பெருமையும் துயரமுமாக நினைவுகூர்ந்தார். அந்தப் பெருமையைப் படிக்கும்போது எனக்குச் சற்றுச் சங்கடமாகவே இருக்கிறது. ஓய்வெடு என்று சொல்ல வேண்டியவர் தலைவர்தானே?

பள்ளி வளர்ந்தது. 1895 செப்டம்பரில் அட்லாண்டா கண்காட்சியில் ஆற்றிய உரை அவரை ஒரே நாளில் நாடறியச் செய்தது. கறுப்பினத்தவர் இப்போதைக்கு அரசியல் உரிமையைவிடத் தொழிலிலும் பொருளாதாரத்திலும் கால் ஊன்றட்டும் என்பது அவர் வழி. வெள்ளையர் கைதட்டினர். கறுப்பின அறிஞர் பலருக்கு அது கசந்தது. அவர்களுள் முதன்மையானவரான டு போய்ஸ் 1903-இல் தம் நூலில் அவரை வெளிப்படையாக மறுத்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1894-இல் டு போய்ஸுக்கு டஸ்கீகியில் கணித ஆசிரியர் வேலை தருவதாக வாஷிங்டனிடமிருந்து தந்தி போனது. அதற்குள் அவர் வேறு கல்லூரிக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். அந்த இருவரும் ஒரே ஆசிரியர் அறையில் இருந்திருந்தால் எத்தனை மாதம் தாங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அதே 1903-இல் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் இதழிலும் வாஷிங்டனின் வாழ்க்கை பாராட்டி எழுதப்பட்டது. தமிழிலும் பக்கங்கள் வந்த இதழ் அது.

இதன்பின் வாஷிங்டன் ஆண்டின் பெரும்பகுதி பள்ளியில் இல்லை. நிதி திரட்ட இரயிலிலும் மேடையிலுமாகவே அவர் காலம் கழிந்தது. கோடரி பிடித்த கை இப்போது தந்திகளும் குறிப்புகளும் அனுப்பியது. எந்த ஊரில் இருந்தாலும் நாள்தோறும் பள்ளியிலிருந்து அவருக்கு அறிக்கை போக வேண்டும். எந்த மாணவர் வகுப்புக்கு வரவில்லை, என்ன காரணம், வரவு எவ்வளவு, பால் எத்தனை கேலன், வெண்ணெய் எத்தனை இராத்தல், உணவுக்கூடத்தில் என்ன பரிமாறினார்கள், அந்தக் காய்கறி நம் தோட்டத்தில் விளைந்ததா, கடையில் வாங்கியதா? எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஊரில் இருக்கும் நாள்களில் குதிரையேறி வளாகத்தைச் சுற்றுவார். கழன்ற வேலிப்பலகை, முற்றத்துக் குப்பை, அணையாத விளக்கு எதுவும் தப்பாது. சற்று நேரத்தில் அதற்குரியவருக்குக் குறிப்பு போய்விடும்.

இதை முழுக்கக் குறை என்று சொல்ல மாட்டேன். செயற்குழு வாரம் இருமுறை கூடியது. ஆசிரியர் அனைவரும் கூடும் கூட்டமும் தவறாமல் நடந்தது. பள்ளியைப் பற்றிய குறைகளை எழுதித் தருமாறு மாணவர்களிடமே கேட்டு வாங்கிப் படித்தார். 1899-இல் நண்பர்கள் கட்டாயப்படுத்தி அவரையும் மூன்றாம் மனைவி மார்கரெட்டையும் ஐரோப்பாவுக்கு அனுப்பினர். பத்தொன்பது ஆண்டில் எடுத்த முதல் உண்மையான விடுமுறை அது. கப்பலில் நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரம் தூங்கினாராம். அவர் இல்லாமலேயே பள்ளி ஓடியது. ஒழுங்கு அந்த அளவுக்கு இருந்தது.

எனினும் ஒழுங்கு வேறு, உள்ளம் வேறு. ஏட்டுக்கல்வியையும் கைத்தொழிலையும் பிணைக்க வேண்டும் என்பது வாஷிங்டனின் கொள்கை. கணித ஆசிரியர் தச்சுப் பட்டறைக்குப் போய் அங்குள்ள அளவுகளைக் கணக்காக்க வேண்டும். மொழியாசிரியர் செங்கல் அறுப்பதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்ல வேண்டும். நல்ல கொள்கை. இன்று நாம் பயிற்றியலில் படிப்பதும் ஏறத்தாழ இதுதான். ஆனால் ஃபிஸ்க், ஓபர்லின், ஹார்வர்ட் என்று பெரிய இடங்களில் பட்டம் பெற்று வந்தவர்களுக்கு, தங்கள் பாடம் பட்டறைக்கு எடுபிடி ஆகிவிட்டதாகத் தோன்றியது. ஹார்வர்ட் பட்டதாரியான ராஸ்கோ புரூஸ் ஏட்டுக்கல்விப் பிரிவின் தலைவராக வந்து, மாணவர்களுக்குப் படிக்க நேரம் போதவில்லை என்று மன்றாடிப் பார்த்துவிட்டு 1906-இல் விலகினார். கொள்கை ஆசிரியரோடு பேசிப் பிறந்திருந்தால் ஒருவேளை நின்றிருப்பார். அது மேலிருந்து சீட்டில் எழுதி வந்தது.

மாறாக, ராபர்ட் டெய்லரைப் பாருங்கள். புகழ்பெற்ற எம்.ஐ.டி. கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். 1892-இல் டஸ்கீகிக்கு வந்தார். இடையில் சில ஆண்டு விலகிப்போய், திரும்பவும் வந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். அவர் வரைந்தார், மாணவர்கள் தங்கள் சூளைக் கல்லால் கட்டினார்கள். வளாகம் முழுவதும் அவர் கைவண்ணம் நின்றது. தம் கல்வி முழுவதற்கும் அங்கே வேலை இருந்தது. ஒரே தலைவர், ஒரே கண்டிப்பு. ஒருவர் போனார், ஒருவர் திரும்பி வந்தார்.

இவ்விருவருக்கும் நடுவில் வருபவர்தான் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். பெயர் ஒற்றுமையைத் தவிர உறவு எதுவும் இல்லை. இவரும் அடிமையாகப் பிறந்தவர். அயோவாவில் வேளாண்மையில் முதுகலைப் பட்டம் பெற்று, 1896-இல் வாஷிங்டன் அழைக்க, ஆண்டுக்கு 1,000 டாலர் சம்பளத்தில் வந்தார். வந்ததுமே உரசல். மற்ற மணமாகாத ஆசிரியர்கள் அறையைப் பகிர்ந்துகொண்டிருக்க, தமக்கு ஓர் அறையும் தாம் சேர்த்த செடி, காளான் மாதிரிகளுக்கு ஓர் அறையும் வேண்டும் என்றார். ஆய்வுக்கூடம் இல்லை. மாணவர்களோடு குப்பைமேடுகளில் பழைய புட்டிகளையும் தகர டப்பாக்களையும் பொறுக்கி வந்து ஆய்வுக்கருவி செய்துகொண்டார்.

வாஷிங்டன் அவர் தலையில் சுமத்தியதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். வேளாண் பிரிவின் தலைவர், வகுப்பாசிரியர், ஆய்வுப் பண்ணையின் இயக்குநர், பள்ளிப் பண்ணையின் மேற்பார்வையாளர். போதாததற்குக் கோழிப்பண்ணை. ஏழை விவசாயிக்குப் புரியும்படி மண்ணைப் பற்றிப் பேசுவதில் கார்வருக்கு நிகர் கிடையாது. ஆனால் கணக்கு வைப்பது, வேலையாட்களை மேய்ப்பது, அறிக்கை எழுதுவது எதுவும் அவருக்கு வராது. தலைமையாசிரியருக்கோ நாள்தோறும் அறிக்கை வேண்டும். அறிக்கையில் இருந்த கோழிகள் பண்ணையில் இல்லை என்று 1904-இல் ஒரு விசாரணைக் குழு கண்டது. கார்வருடைய பொறுப்புகளைப் பிரித்து இன்னொருவருக்கும் கொடுக்க ஆலோசனை வந்தது. அவமானம் தாங்காமல் விலகிவிடுவதாக எழுதினார். விலகவில்லை. இப்படி எழுதுவது அதற்குப்பின் பலமுறை நடந்தது.

இன்றைக்கு நம் ஆசிரியர்களும் கற்பிப்பதைவிடக் கோப்பு நிரப்புவதற்கே நேரம் போகிறது என்று முணுமுணுப்பதைக் கேட்கிறோம். கார்வரின் கோழிகள் எனக்கு அப்போதெல்லாம் நினைவுக்கு வரும். பொய் எழுதியது தவறுதான். ஆனால், உண்மை எழுதினால் மேலிருந்து ஒரு குறிப்பு வரும், பொய் எழுதினால் வராது என்ற நிலைக்கு ஒரு நல்ல ஆசிரியர் எப்படி வந்து சேர்ந்தார் என்றும் கேட்க வேண்டும் அல்லவா?

இருவரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1906 ஒரு சான்று. பள்ளிக்கு வர முடியாத விவசாயியிடம் பள்ளி போகட்டும் என்று வாஷிங்டன் நினைத்தார். அதற்கேற்ற வண்டியைக் கார்வர் வடிவமைத்தார். ஜெசப் என்ற செல்வர் பணம் தந்தார். கலப்பை, விதை, வெண்ணெய் கடையும் கருவி எல்லாம் ஏற்றிய அந்தக் குதிரைவண்டி கிராமம் கிராமமாகப் போய் நடமாடும் பள்ளியாயிற்று. தலைவருக்கு எண்ணம், ஆசிரியருக்கு அதை உருவாக்கும் உரிமை. இடையில் யாரும் அறிக்கை கேட்டதாகத் தெரியவில்லை.

கடைசியாக 1910-இல்தான் வாஷிங்டன் வழிக்கு வந்தார். ஆராய்ச்சிக்கென்று தனிப் பிரிவு உண்டாக்கிக் கார்வரை அதன் தலைவராக்கினார். வேளாண் நிர்வாகம், அதற்காகவே பல ஆண்டு கார்வரோடு மல்லுக்கட்டிய ஜார்ஜ் பிரிட்ஜ்ஃபோர்த்திடம் போனது. 1911-இல் கார்வருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கற்பிப்பதிலும் சொற்பொழிவிலும் இளைஞர்களைத் தூண்டுவதிலும் உங்களுக்கு ஈடானவர் குறைவு. ஆனால் வகுப்புகளை ஒழுங்குபடுத்துவதும் பெரிய பண்ணையை நடத்துவதும் உங்களுக்குக் கைவராது என்று பூசி மெழுகாமல் சொன்னார். படிக்கக் கசப்பான கடிதம். ஆனாலும், ஒரு தலைமையாசிரியர் தம் ஆசிரியரை உற்றுப் பார்த்து எழுதியது அது. பதினான்கு ஆண்டு முன்னதாகவே எழுதியிருந்தால் எத்தனையோ கோழிகளும் ராஜினாமாக் கடிதங்களும் மிஞ்சியிருக்கும்.

அதன்பின்னும் ஆய்வுக்கூடம் சரியாகக் கிடைக்கவில்லை, வகுப்புப் பளு குறையவில்லை என்று கார்வர் முறையிட்டுக்கொண்டுதான் இருந்தார். வேறிடத்துக்குப் போகவில்லை. சம்பளத்தை உயர்த்தச் சொல்லிக் கேட்டவரும் அல்லர். ஏன் இருந்தார்? அவர் குணம் ஒரு காரணம். இன்னொரு காரணம், தம்மை அழைத்து வந்தவர் தம்மைவிடக் கடுமையாக உழைக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வாஷிங்டன் குறிப்பு அனுப்பிய இரயில் பெட்டியில் அவரும் தூங்காமல்தான் இருந்தார்.

அந்த உழைப்பு 1915 நவம்பரில் முடிந்தது. நியூயார்க்கில் மயங்கி விழுந்தவரை மருத்துவமனையில் சேர்த்தனர். தேறமாட்டார் என்று தெரிந்தது. தெற்கில் பிறந்தவன் தெற்கிலேயே சாக வேண்டும் என்று பிடிவாதமாக இரயிலேறினார். நவம்பர் 13-ஆம் நாள் இரவு டஸ்கீகி வந்து சேர்ந்தார். மறுநாள் விடிவதற்குள் உயிர் பிரிந்தது. வயது 59. கொட்டகையில் 30 பேரோடு தொடங்கிய பள்ளியில் அப்போது சுமார் 1,500 மாணவர்களும் ஏறத்தாழ 200 ஆசிரியர்களும் இருந்தனர். கட்டடங்கள் நூறுக்கும் மேல்.

அடுத்துத் தலைமையாசிரியராக வந்த ராபர்ட் மோட்டனும் ஹாம்ப்டனிலிருந்து வந்தவரே. கார்வருக்கு வகுப்புப் பளு குறைந்தது. நிலக்கடலையை உணவாக்கும் நூற்றுக்கு மேற்பட்ட வழிகளைச் சொல்லும் அவருடைய கையேடு 1916-இல் வெளிவந்தது. 1921-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் நிலக்கடலையைப் பற்றிப் பேசியபோது நாடே திரும்பிப் பார்த்தது. அவரை அழைத்து வந்தவர் அதைப் பார்க்க இல்லை. விலகிவிடுவதாக அத்தனை முறை எழுதிய கார்வர் மொத்தம் 46 ஆண்டுகள் டஸ்கீகியில் இருந்தார். 1943 ஜனவரி 5-ஆம் நாள் அங்கேயே இறந்தார். பள்ளி வளாகத்தில் வாஷிங்டனின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.